இணைப்பு வந்ததை நிறுவி எப்படி அறிந்தது?

உபுண்டு இயங்குதளம் முதன்முதலில் 2004 அக்டோபரில் வெளிவந்தது. அப்போது அதை நிறுவ எழுத்துகள் மட்டுமே தெரியும் திரைதான். இணைய இணைப்பைப் பற்றி நிறுவி ஆரம்பத்தில் விசாரித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடும்.

2006 ஜூனில் வந்த 6.06 பதிப்பில் நிலைமை மாறியது. முழு இயங்குதளமும் சிடியிலிருந்தே ஓடியது. அதற்குள் ஒரு சாளரமாக 'யுபிக்விட்டி' என்ற நிறுவி வந்தது. பிற்பாடு இதன் ஒவ்வொரு பக்கமும் பைத்தானில் எழுதப்பட்ட தனித்தனிச் செருகுநிரல் ஆனது.

2010 அக்டோபரில் வந்த 10.10 பதிப்பின் நிறுவி, வேலையைத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்தது. வட்டில் இடம் இருக்கிறதா? மின்சாரம் செருகியிருக்கிறதா? இணையம் இருக்கிறதா? இணையம் இருந்தால் நிறுவும்போதே புதுப்பிப்புகளையும் இறக்கிக்கொள்ளலாம்.

சிக்கல் இங்கேதான். பக்கம் திறந்த பிறகு பயனர் கேபிளைச் செருகினால் நிறுவிக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டால், பழைய பாதுகாப்பு ஓட்டைகளோடுதான் புதுக் கணினி பிறக்கும்!

பணம் வந்ததா என்று தினமும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போகலாம். அல்லது வங்கி அனுப்பும் குறுஞ்செய்திக்குக் காத்திருக்கலாம். இரண்டாவதுதான் புத்திசாலித்தனம் அல்லவா?

அந்தக் குறுஞ்செய்தியை அனுப்புவது, ரெட் ஹேட் நிறுவனம் 2004-ல் தொடங்கிய நெட்வொர்க்மேனேஜர். இணைப்பின் நிலை மாறும்போதெல்லாம் அது டி-பஸ் என்ற பொதுத் தடத்தில் அறிவிக்கும். செருகுநிரல் காது கொடுத்தால் போதும். ஆனால் அறிவிப்பு மாற்றத்தை மட்டுமே சொல்லும். கணக்குப் புத்தகத்தில் ஆரம்ப இருப்பு எழுதுவது போல, முதலில் ஒருமுறை நடப்பு நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2011-ல் வந்த நெட்வொர்க்மேனேஜர் 0.9 இன்னொரு பாடம் சொன்னது. அதுவரை 'இணைந்துள்ளது' என்பதற்கு எண் 3. இனி அது மூன்றாகப் பிரிந்தது: 50 என்றால் உள்ளூர் இணைப்பு மட்டும், 60 என்றால் தன் வளாக வலையமைப்பு வரை, 70 என்றால் முழு இணையம். 3 என்ற எண்ணை மட்டுமே தேடும் செருகுநிரலுக்கு, இணையம் இருந்தாலும் இல்லாதது போலத்தான். கடை திறந்திருப்பது வேறு, உள்ளே சரக்கு இருப்பது வேறு என்பதை எண்களே பிரித்துக் காட்டின.

2023 ஏப்ரலில் வந்த 23.04 பதிப்பில் யுபிக்விட்டியின் இடத்துக்குப் புதிய நிறுவி வந்துவிட்டது. நிறுவி மாறினாலும் முறை பழசாகவில்லை: முதலில் ஒருமுறை கேள், பிறகு காது கொடு, 'இணைப்பு' என்ற சொல்லை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே.