மதீனாவில் ஒரு வீடு: முஹம்மது அஸதின் தாயகத் தேடல்

இரு ஹரம்களின் அண்மையில் சென்று குடியேறி வாழ்பவரை முஜாவிர் என்று அழைப்பது இஸ்லாமிய மரபு. நம் ஊர்களில் இச்சொல் முஜாவர் என்றாகி, தர்காக்களில் பணியாற்றுவோரை மட்டுமே குறிக்குமளவு சுருங்கிவிட்டது. முன்னாளில் அதன் பொருள் விரிவானது. குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த ஸமக்ஷரீ மக்காவில் தங்கியிருந்தே தமது அல்கஷ்ஷாஃப் எனும் தஃப்ஸீரை நிறைவு செய்தார். அல்லாஹ்வின் அண்டை வீட்டார் எனப் பொருள்படும் ஜாருல்லாஹ் என்ற சிறப்புப் பெயரும் அதனாலேயே அவருக்கு வாய்த்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி மக்கா சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, 1870களில் அங்கே மத்ரஸா ஸௌலத்திய்யாவை நிறுவி, 1891இல் அம்மண்ணிலேயே அடங்கினார். இவர்களிடம் எவரும் குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. வந்தவர் தங்கினார், தங்கியவர் ஊராரானார்.

இந்த மரபின் கடைசி எல்லையில், அது மறைந்து கடவுச்சீட்டுகளின் காலம் வலுப்பெற்ற வேளையில், அரபு மண்ணில் வீடு தேடியவர் முஹம்மது அஸத். அவரை நாம் குர்ஆன் மொழிபெயர்ப்பாளராகவும், மக்கா நோக்கிய தம் பயணத்தை நூலாக்கியவராகவும் அறிவோம். ஆனால் தாம் நேசித்த நாட்டில் அவருக்கு ஏன் நிலையான இடம் வாய்க்கவில்லை என்ற கேள்வி போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

லியோபோல்ட் வைஸ் என்ற பெயரில் 1900ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லெம்பெர்க் நகரில் அவர் பிறந்தார். அன்று ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசில் இருந்த அந்நகரம், பின்னர் போலந்துக்குச் சென்று, இன்று லிவிவ் என்ற பெயரில் உக்ரைனில் உள்ளது. ஒருவர் பிறந்த ஊரே அவர் வாழ்நாளில் நாடு மாறிக்கொண்டிருந்தது என்பதை மறவாமல் அவர் கதையைப் படிக்கவேண்டும். தந்தை வழக்கறிஞர், பாட்டனார் யூத மார்க்க அறிஞரான ரப்பி. 1922இல், மனநல மருத்துவரான தாய்மாமனின் அழைப்பை ஏற்று ஜெரூசலம் சென்றார். யூதர்களுக்கான தேசிய இல்லம் ஒன்றை அமைக்கும் முயற்சி ஆங்கிலேயரின் ஆதரவோடு அங்கே நடந்துகொண்டிருந்த நேரம் அது. பிறப்பால் யூதரான அந்த இளைஞர் கேட்டிருந்தால் அவருக்கும் அதில் ஓர் இடம் கிடைத்திருக்கும். அவரோ ஸியோனிஸத் தலைவர் சைம் வைஸ்மனிடமே, அந்நாட்டில் பெரும்பான்மையினராக வாழும் அரபிகளின் கதி என்ன என்று வினவியதாகத் தம் நூலில் பதிவுசெய்துள்ளார். வெறுமையான வீட்டில் குடியேறுவது வேறு, ஆள் இருக்கும் வீட்டைத் தமது என்பது வேறு என்ற தெளிவு இருபத்திரண்டு வயதிலேயே அவருக்கு இருந்தது.

ஜெர்மானிய நாளிதழ் ஒன்றின் செய்தியாளராகப் பல கிழக்கு நாடுகளில் அலைந்த பின், 1926இல் பெர்லினில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். மறு ஆண்டே மனைவி எல்ஸாவுடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். மக்கா சேர்ந்த சில நாட்களிலேயே எல்ஸா நோயுற்று மரணமடைந்தார். அந்நகரின் மணலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வீடு தேடி வந்தவருக்கு அம்மண்ணில் முதலில் கிடைத்தது ஒரு கப்ர்.

எனினும் அவர் திரும்பிச் செல்லவில்லை. அடுத்த ஆறாண்டுகளை அரபு நாட்டிலேயே கழித்தார். மன்னர் அப்துல் அஸீஸ் இப்னு ஸுஊதின் நட்பைப் பெற்றார். ஷம்மர் குலத்து ஸைத் என்பவரின் துணையோடு ஒட்டகத்தில் நஜ்தின் பாலைகளைக் கடந்தார். பைஸல் அத்துவைஷின் கிளர்ச்சிக்கு ஆயுதமும் பணமும் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிய, 1929இல் மன்னரின் சார்பில் மறைவாகக் குவைத் சென்றார். இத்தாலியரை எதிர்த்துப் போரிட்ட உமர் முக்தாரைச் சந்திக்க 1931இல் லிபியாவின் மலைகளுக்கும் போய்வந்தார். மதீனாவில் குடியமர்ந்தார்; ஷம்மர் குலத்தைச் சேர்ந்த முனீராவை மணந்தார்; 1932இல் மகன் தலால் பிறந்தார். மொழி, மனைவி, மகன், தோழன், அரசனின் அன்பு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகரில் ஒரு வீடு. ஓர் அந்நியர் ஒரு நாட்டில் பெறக்கூடியவற்றில் குறையேதுமில்லை என்றே தோன்றும்.

ஆயினும் அதே 1932இல் அவர் அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். ஒரு காரணத்தை அவரே குறிப்பாகச் சொல்கிறார். இப்னு ஸுஊதிடம் உம்மத்துக்கு ஒரு புதுவாழ்வைத் தரக்கூடிய தலைவரை அவர் எதிர்பார்த்தார். அவர் கண்டதோ நல்லியல்புகள் நிறைந்த, ஆனால் தம் அரசோடு நிறைவடைந்துவிட்ட ஒரு மன்னரை. இந்தத் தீர்ப்பு முழுவதும் நியாயமானதா என்பது ஐயத்திற்குரியது. சிதறிக்கிடந்த கோத்திரங்களை ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவருவதிலேயே முப்பதாண்டுகளைச் செலவிட்ட ஒருவரிடம், ஐரோப்பிய அறிவாளி ஒருவர் தம் கனவையும் சேர்த்துச் சுமத்தினார் என்றும் சொல்லலாம். நேசித்து வந்தவர்களின் ஏமாற்றம் பெரும்பாலும் இத்தகையதே. பிறந்த நாட்டின் குறைகளை மனிதன் பொறுத்துக்கொள்கிறான். தேர்ந்தெடுத்த நாட்டிடம் அவன் நிறைவையே கேட்கிறான்.

இந்தியா, கிழக்குத் துருக்கிஸ்தான், சீனம், இந்தோனேசியா எனச் செல்லத் திட்டமிட்டு வந்தவரை அல்லாமா இக்பாலின் நட்பு இந்தியாவிலேயே நிறுத்தியது. 1934இல் அவரது முதல் இஸ்லாமிய நூல் வெளிவந்தது. ஸஹீஹுல் புகாரியின் மொழிபெயர்ப்பும் தொடங்கிற்று. இந்நிலையில் 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கினார். அதன் விளைவு விந்தையானது: யூதக் குடும்பத்தில் பிறந்து முஸ்லிமாகிவிட்ட அஸத், ஆங்கிலேயரின் ஏடுகளில் ஜெர்மன் குடிமகன் ஆகிவிட்டார். 1939இல் உலகப் போர் மூண்டதும் எதிரி நாட்டவர் என்று சிறைபிடிக்கப்பட்டு, 1945 வரை தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டார். உடனிருந்தோரில் நாஜிகளும் இருந்தனர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் அவருடைய தந்தையும் சகோதரியும் நாஜிகளின் யூத ஒழிப்புக்கு இரையாயினர். இங்கே அவருடைய மனைவிக்கும் மகனுக்கும் பதான்கோட் அருகே தம் பண்ணையில் அடைக்கலம் தந்தவர் சௌத்ரி நியாஸ் அலி கான். ஒரு கடவுச்சீட்டின் நிறம் ஒரு மனிதனின் ஈமானையும் இரத்தத்தையும் வரலாற்றையும் இத்தனை எளிதாகப் பொய்யாக்கியதற்கு இதைவிடக் கசப்பான சான்று என் நினைவில் இல்லை.

1947இல் அகதிகளோடு அகதியாக லாகூர் சேர்ந்தார். மேற்குப் பஞ்சாப் அரசின் இஸ்லாமிய மறுசீரமைப்புத் துறைக்குத் தலைவரானார். பின்னர் வெளியுறவு அமைச்சகத்தில் மத்திய கிழக்குப் பிரிவைக் கவனித்தார். அரசுப் பணியாக வெளிநாடு செல்ல நேர்ந்தபோது, எந்நாட்டுக் குடிமகன் என்று தம் கடவுச்சீட்டில் குறிப்பது என்ற கேள்வி எழுந்ததென்றும், பிரதமர் லியாகத் அலி கான் தலையிட்ட பின்னரே பாகிஸ்தான் குடிமகன் என எழுதப்பட்டதென்றும், அவ்வாறு எழுதப்பட்ட முதற் கடவுச்சீட்டு தம்முடையதே என்றும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1952இல் ஐ.நா. சபையில் பாகிஸ்தானின் தூதுவர்களுள் ஒருவராக நியூயார்க் சென்றார். அங்கே போலா ஹமீதா என்ற அமெரிக்கப் பெண்மணியை மணக்க முனைந்ததையொட்டி எழுந்த சிக்கலில் பதவியைத் துறந்தார். பாகிஸ்தான் வாழ்வும் அத்துடன் முடிந்தது.

மக்கா நோக்கிய பயணத்தைச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற நூல் இதன் பிறகே, 1954இல், நியூயார்க்கில் வெளிவந்தது. அரபு நாட்டைவிட்டு அவர் நீங்கி இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. அந்நூலின் பாலைவனம் ஏன் அத்தனை ஒளியோடு திகழ்கிறது என்பதற்கு இக்காலக் கணக்கே விடை. 1924இல் வெளிவந்த அவருடைய முதல் நூலின் தலைப்பில் கற்பனை அலங்காரமற்ற கிழக்கு என்ற பொருள் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்ததோ, இழந்த வீட்டை வானளாவிய கட்டடங்களின் நடுவே அமர்ந்து நினைந்தவரின் எழுத்து. எண்ணெய்க்கு முந்திய அரபு நாட்டின் வறுமையும் நோயும் அதில் குறைவாகவே தென்படுகின்றன. இதைக் குறையாக அன்றி, அந்நூலைப் படிக்கவேண்டிய முறையாகவே குறிப்பிடுகிறேன்.

இவ்விடத்தில் நம் சமூகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1970களின் எண்ணெய் வளத்துக்குப் பின் தமிழக முஸ்லிம்கள் பல்லாயிரவர் அரபு நாடுகளில் பணிபுரிந்தனர், இன்றும் புரிகின்றனர். வாழ்வின் பெரும்பகுதியை ஜித்தாவிலோ ரியாதிலோ கழித்து, பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்து, மதீனாவின் தெருக்களைத் தம் ஊர்த் தெருவைப்போல அறிந்தவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்களுடைய அன்பு அஸதின் அன்புக்குக் குறைந்ததன்று. ஆனால் அவர்களை அங்கே இருத்தியது இகாமா. அது கஃபீலின் ஒப்புதலோடு கட்டுண்டது. பணி முடிந்த நாளில் அதுவும் முடிந்தது. 2019இல் சஊதி அரசு கொண்டுவந்த சிறப்புக் குடியிருப்பு அனுமதி கட்டணம் செலுத்த வல்லவருக்கு ஒரு வழியைத் திறந்தது. சாமானியத் தொழிலாளிக்கு அது எட்டாதது. கைரானவிக்கு வாய்த்த முஜாவரத்தை இந்த ஏற்பாடுகள் எவற்றிலும் காண இயலாது.

அஸத் 1964இல் மொராக்கோவின் தன்ஜா நகரில் குடியேறி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அவர் மிக நீண்டகாலம் தங்கிய ஊர் இதுவே. இங்கிருந்தே குர்ஆன் மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் முடித்தார். முதல் ஒன்பது சூராக்களை 1964இல் ராபித்தத்துல் ஆலமில் இஸ்லாமி வெளியிட்டது. பின்னர் சில விளக்கங்களில் கருத்து வேறுபாடு முற்றி, 1974இல் சஊதி அரேபியாவில் அது தடை செய்யப்பட்டது. முழுநூல் 1980இல் அவருடைய சொந்தப் பதிப்பகத்தின் பெயரில் வெளிவந்து, சிந்திக்கும் மக்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவருடைய விளக்கங்கள் அனைத்தையும் உலமாக்கள் ஏற்கவில்லை. ஏற்கவேண்டும் என்பதும் இல்லை. நம் பொருளுக்கு இன்றியமையாதது அவர் முன்னுரையில் சொல்லும் செய்தி. நஜ்தின் பதவிகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவர்களின் அன்றாடப் பேச்சிலிருந்து கற்ற அரபியே, குர்ஆனின் சொல்லாட்சிகளை உணரத் தமக்குத் துணைநின்றது என்கிறார். கல்விக்கூடத்து அரபியால் மட்டும் அது கைகூடாது என்பது அவர் துணிபு. எந்த நாட்டை அவர் விட்டு வந்தாரோ அந்நாட்டின் கூடாரப் பேச்சு, அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் எழுத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒலித்தது. அவர் நூலுக்குத் தடை விதித்ததும் அதே நாடுதான்.

1980களில் தன்ஜாவிலிருந்து போர்ச்சுகலின் ஸிந்த்ராவுக்கும், 1987இல் ஸ்பெயினின் மிஹாஸுக்கும் இடம் பெயர்ந்தார். இடையே 1983இல் ஸியாவுல் ஹக்கின் அழைப்பில் பாகிஸ்தான் சென்றார்; தங்காமல் திரும்பினார். அவர் இளமையில் வாழ்ந்த வியன்னா, ஐ.நா. வளாகத்தின் முன்னுள்ள சதுக்கத்துக்கு 2008இல் அவர் பெயரைச் சூட்டியது. மதீனாவில் பிறந்த தலால் அஸத் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் மானிடவியல் அறிஞராகி, தேசிய அரசையும் அது வகுக்கும் மதச்சார்பின்மையையும் ஆராய்ந்து பெயர்பெற்றார்.

கிரனடாவில் கடைசி முஸ்லிம் அரசு வீழ்ந்தது 1492இல். அடுத்த நூற்றிருபது ஆண்டுகளில் அந்நாட்டின் முஸ்லிம்கள் வலிந்து மதமாற்றப்பட்டும், இறுதியில் கூட்டமாக வெளியேற்றப்பட்டும் மறைந்தனர். அவர்களில் பலர் சென்று குடியேறியது மொராக்கோ நகரங்களில். அஸத் 1992 பிப்ரவரி 20 அன்று, எதிர்த்திசையில் தன்ஜாவிலிருந்து வந்தவராய், ஸ்பெயினில் காலமானார். கிரனடாவின் சிறிய முஸ்லிம் அடக்கத்தலத்தில் அவரை நல்லடக்கம் செய்தனர்.