கல்லில் எழுந்த காளைகள்

பெரும்புகழ் எய்திய கலைஞர் ஒருவர் முதுமையிற் புதிய தொழிலொன்றைக் கற்க முற்படுதல் அரிது. ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா அத்தகைய அரியவருள் ஒருவர். 1746 ஆம் ஆண்டிற் பிறந்து அரசவை ஓவியராய் உயர்ந்த அவர், நடுவயதிற் செவிப்புலனை இழந்தார். 1824 இல் தாயகம் நீங்கிப் பிரான்சின் போர்தோ நகரை அடைந்தார்.

அக்காலத்திற் கல்லச்சு இளமையான கலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரிற் செனெபெல்டர் அதனைக் கண்டறிந்தார். சுண்ணக்கல்லிற் கொழுப்புக் கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, மையைப் பூசுவர். நீர் மையை விலக்கும். கொழுப்பு அதனை ஏற்கும். இதுவே அதன் மருமம்.

கோயா 1819 இல் மத்ரித் நகரில் இக்கலையைச் சிறிது பயின்றிருந்தார். 1825 இல், தமது 79 ஆம் வயதில், போர்தோவில் கோலோன் என்பாரின் அச்சகத்தில் அதனை முற்றாகத் தம்வயப்படுத்தினார். கல்லைச் சட்டத்தில் நிறுத்தி, அதன் முகத்தைச் சாம்பல் நிறமாக்கி, ஒளி வேண்டிய இடங்களைச் சுரண்டி எடுத்தார் என்றும், பார்வை மங்கியமையால் உருப்பெருக்குக் கண்ணாடியைத் துணைக்கொண்டார் என்றும் கூறுவர்.

அவர் தேர்ந்த பொருள் காளைப்போர். 1816 இல் அதனையே 33 செப்புத்தகட்டுப் படங்களாக வெளியிட்டவர், இப்போது நான்கு பெரிய கல்லச்சுப் படங்களில் அமைத்தார். செப்பிற் கோடு ஆட்சி செய்தது. கல்லிலோ புழுதியும் நிழலும் மக்கள் திரளும் ஒன்றாய்க் கலந்தன. சவாரித் திடலின் ஓரத்தில் நின்று காளைகளின் பாய்ச்சலையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் கண்ட நம்மவர்க்கு அவ்வேறுபாடு எளிதிற் புலனாகும்.

ஒவ்வொன்றிலும் 100 படிகள் அச்சாயின. பாரிசிலிருந்த நண்பர் ஒருவரோ பழைய புகழ்பெற்ற படத்தொகுதியை மீண்டும் அச்சிடலாமென எண்ணினார். அத்தகடுகளை முன்னரே மன்னர்க்கு அளித்துவிட்டதாகவும், இன்று அவற்றினும் சிறந்த கருத்துக்கள் தம்மிடம் உள்ளனவென்றும் கோயா மறுமொழி எழுதினார். புதிய படங்களாற் பெரும்பொருள் கிட்டவில்லை. 1828 இல் அவர் அந்நகரிலேயே காலமானார்.

அப்படங்கள் கருமையும் வெண்மையுமே. வண்ணக் கல்லச்சுக்கு எங்கல்மன் 1837 இல் உரிமம் பெற்றார்; நிறத்துக்கொரு கல் என்பது அதன் முறை. 1894 இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் அம்முறையால் தெய்வப் படங்களை எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சென்றது. 1899 இல் துலூஸ் லோத்ரெக் குதிரைப் பந்தயத்தை வண்ணக் கல்லிற் பதித்தார்.

பழைய வெற்றியை மீண்டும் விற்பதினும் புதியதைக் கற்பதே மேலெனக் கொண்டார் கோயா. கற்போர்க்கு மட்டுமன்றிக் கற்பிப்போர்க்கும் உரிய பாடம் இது.