தேயிலைக் கொழுந்தின் செம்பும் மலையகத்தின் உழைப்பும்

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் அமைத்த தோட்டத்திலிருந்து தொடங்குவர். நுவரெலியா மாவட்டத் தொழிற்சாலைகளில் நிகழும் இரசாயனத்தையும், அதனைச் சாத்தியமாக்கிய மக்களையும் இணைத்து நோக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

உருட்டிய கொழுந்து செந்நிறம் பெறுவதைப் 'புளித்தல்' என்பது வழக்கு. ஆயின் இம்மாற்றத்துக்கு நுண்ணுயிர்கள் தேவையில்லை. கலங்கள் சிதையும்போது, புரதத்தோடு செம்பு பிணைந்த நொதியமொன்று வளியின் ஒட்சிசனைக் கொண்டு கற்றேக்கின் முதலிய பல்பீனோல்களைக் குயினோன்களாக ஒட்சியேற்றுகிறது. அவை இணைந்து தியாபிளேவின், தியாரூபிஜின் என்னும் நிறப்பொருள்களாகின்றன. செம்பு தாழ்த்தப்பட்டு மீண்டும் ஒட்சியேறித் தன்னிலை அடைவதால் அதன் சிற்றளவே போதுமானது. இறுதியில் உலர்த்தும் வெப்பம் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது.

1925இல் நிறுவப்பெற்று, பின்னர் தலவாக்கலை சென் கூம்சில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் லாம்ப், ஸ்ரீரங்காச்சார் ஆகியோர் 1940களில் இந்நொதியத் தொகுதியை ஆராய்ந்தனர். அதே பத்தாண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கொழுந்து பறித்த மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

கொழுந்து கூடையிலேயே நசுங்கினால் ஒட்சியேற்றம் அங்கேயே தொடங்கித் தரம் கெடும். அதனைக் காப்பது பறிக்கும் பெண்ணின் கைத்திறனாகும். நொதியத்தின் வரலாற்றில் ஆய்வுகூடத்துக்கு உரிய இடம் கிடைத்துள்ளது. அக்கைகளுக்கு உரிய இடத்தை அளிப்பது வரலாற்றாசிரியரின் கடமை என்போம்.