எர்கோனாமிக்ஸ்

கிரேக்க மொழியில் ‘எர்கோன்’ என்றால் வேலை, ‘நோமோஸ்’ என்றால் விதி. இரண்டையும் இணைத்து 1857-இல் இச்சொல்லை ஆக்கியவர் போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்பொவ்ஸ்கி. தமிழில் பணிச்சூழலியல். அமெரிக்கர்கள் இத்துறையை ‘ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்’ என்பார்கள். நாற்காலியின் உயரம் பற்றிய படிப்பாக இதைச் சுருக்குவது தவறு. மனிதர் நெருக்கடியில் எதைக் கவனிக்கத் தவறுகிறார், மூத்தவர் முன் ஏன் வாய்திறக்கத் தயங்குகிறார் என்பதும் இதற்குள் அடக்கம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2005-இல் இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற பெண்ணுக்கு ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்காக மயக்கமருந்து கொடுத்தபின் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த முடியவில்லை. கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்தும், அனுபவமிக்க மருத்துவர்கள் குழாய் செலுத்துவதிலேயே மூழ்கியிருந்தனர். எலெய்ன் உயிர் பிழைக்கவில்லை. விமானியான கணவர் மார்ட்டின், இத்துறையில் விமானக் குழுக்கள் பெறும் பயிற்சி மருத்துவத்துக்கும் வரவேண்டுமென்று 2007-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

செவிலியர் எச்சரித்தால் மருத்துவர் நின்று கேட்கும் பழக்கத்தை, ஊசி போடக் கற்பிக்கும் அதே அக்கறையோடு கற்பிக்க வேண்டும்.