கஞ்சி போட்ட துணியும் சிங்க் பொத்தானும்

டிஜே கலைஞர்களிடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கு நடக்கிறது. டர்ன்டேபிளில் இசைத்தட்டைச் சுழற்றிக் கையால் கலப்பவரே அசல் டிஜே, கணினியில் கலப்பவர் வெறுமனே பொத்தானை அழுத்துபவர் என்கிறது ஒரு தரப்பு. ஆடுகிறவர்களின் கால் ஓயாமல் இருந்தால் போதும், கருவி எதுவானால் என்ன என்கிறது மறுதரப்பு. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் எனக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ‘அசல்’ எது என்று யாரோ தீர்ப்புச் சொல்லும் இடங்களைப் பெண்களாகிய நாம் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே பெரும்பாலும் ஒரு கதவு இருக்கும், அதன் சாவி நம்மிடம் இருக்காது.

ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக 1973 ஆகஸ்ட் 11ஐச் சொல்வார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அன்று ஒரு விருந்து. தட்டுகளைச் சுழற்றியவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய 18 வயது கிளைவ் கேம்ப்பெல், அதாவது கூல் ஹெர்க். விருந்தை நடத்தியவர் அவருடைய தங்கை சின்டி. பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்கப் பணம் வேண்டும். 25 டாலருக்குக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, அட்டைகளில் அழைப்பைக் கையால் எழுதி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்தார். பெயர் மட்டும் அண்ணனுக்குப் போனது.

பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை ‘பிரேக்’ என்பார்கள். ஆடுகிறவர்கள் அதற்காகவே காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். அதைத் துல்லியமாக்க முனைந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். கையால் தட்டை நிறுத்தினாலும் அடியிலுள்ள சுழல்மேடை நிற்காமல் சுற்ற வேண்டும், அதற்கு இடையில் வழுக்கும் பொருள் ஒன்று தேவை. அவருடைய அம்மா தையல்காரர், அதனால் துணிகளின் குணம் மகனுக்குத் தெரிந்திருந்தது. ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, அம்மாவின் கஞ்சித் தெளிப்பானை இருபுறமும் அடித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து விறைப்பாக்கினார். இது அவரே சொன்ன கதை. இன்று கடையில் விற்கும் ‘ஸ்லிப்மேட்’ அந்தக் கஞ்சித் துணியின் வாரிசு.

1975 வாக்கில் இன்னொரு வீட்டில் சிறுவன் தியோடர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். அம்மா கதவருகே வந்து அதட்டினார். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஸ்கிராட்ச்’ என்று பின்னாளில் கிராண்ட் விசார்ட் தியோடர் சொன்னார்.

பிறப்புக் கதைகள் மூன்றிலும் பெண் இருக்கிறாள். கூடம் பிடித்த தங்கையாக, தைக்கும் தாயாக, அதட்டும் தாயாக. மேடையில் மட்டும் ஆண்கள். மேடையேறிய பெண்களும் உண்டு: வாண்டா டீ, பிராங்க்ஸின் ஜாஸி ஜாய்ஸ், சால்ட்-என்-பெப்பா குழுவின் ஸ்பிண்டரெல்லா. டிஎம்சி போட்டியின் அமெரிக்க இறுதிச் சுற்றுக்கு ஒரு பெண் முதன்முதலாக வந்தது 1998இல். அவர் கட்டின் கேண்டி. ஹெர்க்கின் விருந்துக்கும் அதற்கும் இடையே கால் நூற்றாண்டு.

ஏன் இவ்வளவு காலம்? 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையே டிஜேக்களின் நிரந்தரக் கருவி ஆனது. 1979இன் எம்கே2 மாதிரி ஒன்றே 12 கிலோ இருக்கும், அப்படி இரண்டு வேண்டும். எண்பது தட்டுகளை அடுக்கிய பெட்டி 15 கிலோவைத் தாண்டும். சுமையைக்கூடத் தூக்கிவிடலாம். வித்தை கைமாறியதோ நண்பனின் படுக்கையறையிலும் பூங்காவின் இரவுக் கூட்டத்திலும் இசைத்தட்டுக் கடையின் பின்புறத்திலும். ‘இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்’ என்று கேள்வி கேட்கப்படும் ஒரு பெண்ணுக்கு அந்த இடங்கள் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2000களில் கணினி நுழைந்தது. 2004இல் வந்த செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் போன்ற மென்பொருள்களில் டர்ன்டேபிளும் தட்டும் அப்படியே இருந்தன. ஆனால் தட்டில் பாட்டு இல்லை, ஒரு குறியீட்டு ஒலி மட்டும் பதிந்திருந்தது. ஊசி அதைப் படிக்க, தட்டின் வேகத்தையும் இடத்தையும் கணினி கணக்கிட்டு, தன்னிடமுள்ள பாட்டை அதற்கேற்ப ஒலித்தது. பெட்டி பெட்டியான தட்டுகள் ஒரு லேப்டாப்பில் அடங்கின. பிறகு டர்ன்டேபிளே இல்லாத சிறு கருவிகளும், ‘சிங்க்’ என்ற பொத்தானும் பரவின. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டை 126 அடி ஓடும் பாட்டோடு சேர்க்க, வேகத்தை ஐந்து சதவீதம் ஏற்றி, ஹெட்ஃபோனில் காது கொடுத்துக் கையால் பொருத்த வேண்டும். அந்தக் காது பழக மாதங்கள் ஆகும். சிங்க் பொத்தான் அதை நொடியில் செய்துவிடுகிறது.

பழைய கைகளுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. அம்மியில் அரைத்தால்தான் ருசி என்று நம் வீடுகளில் சொல்பவர் பெரும்பாலும் அரைப்பவர் அல்ல. இவர்களோ அரைத்தவர்கள், விரல் தேய உழைத்தவர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த உழைப்பின் பெயரால் வைக்கப்படும் சோதனை எல்லோருக்கும் ஒன்றுபோல வைக்கப்படுவதில்லை. ஆண் டிஜே லேப்டாப்போடு வந்தால் கருவியைப் பற்றிக் கேள்வி வரும். பெண் வந்தால் அவள் கைகளை உற்றுப் பார்க்கிறார்கள், பாட்டைத் தேர்ந்து கொடுத்தது யார் என்று கேட்கிறார்கள். பெண் டிஜேக்கள் பலர் நேர்காணல்களில் இதைச் சொல்லிச் சலித்திருக்கிறார்கள்.

டர்ன்டேபிளும் இந்த ஏளனத்தைக் கடந்துதான் வந்தது. அடுத்தவர் பாட்டைப் போடுவது இசையா, டர்ன்டேபிள் ஒரு வாத்தியமா என்று கேட்டார்கள். இசைத்தட்டில் விரல் படக்கூடாது என்பதே அன்றைய ஒழுங்கு. ஃபிளாஷ் விரலை வைத்தார், பிரேக் தொடங்கும் இடத்தில் கிரேயானால் கோடும் கிழித்தார். இன்று லேப்டாப் திரையில் தெரியும் ஒலி அலைக் கோடு அந்தக் கிரேயான் கோட்டின் வேலையைத்தான் செய்கிறது.

டெக்னிக்ஸ் 2010இல் எஸ்எல்-1200 உற்பத்தியை நிறுத்தியது. 2016இல் அதை எஸ்எல்-1200ஜி என்று திரும்பக் கொண்டுவந்தபோது விலை 4000 டாலர். பிராங்க்ஸின் ஏழைப் பிள்ளைகள் வாத்தியமாக்கிய கருவி, பணமுள்ளவர்களின் தூய்மைச் சின்னமாகிவிட்டது. ‘அசலாக வா’ என்று ஒரு மாணவியிடம் சொல்வதன் பொருள் இன்று, முதலில் இவ்வளவு பணம் கொண்டு வா என்பதும்தான்.

கணினியைக் கொண்டாடும்படி நான் சொல்லவில்லை. அதற்கும் முதலாளிகள் உண்டு, மாதச் சந்தா உண்டு. வாய்ப்புள்ள பெண் தட்டில் காதைப் பழக்கட்டும், வாய்ப்பில்லாதவள் லேப்டாப்பில் தொடங்கட்டும். யார் அசல் என்று அவளிடம் கேட்பவர்கள், தங்கள் தட்டுக்கு அடியில் கிடக்கும் துணி எந்த வீட்டுக் கஞ்சியில் விறைத்தது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.