குழி மாறியது, இறங்கும் ஆள் மாறவில்லை

ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருக்களைத் தோண்டியதிலிருந்து, சுற்றியுள்ள சிறிய ஊர்களிலும் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, சுந்தரபாண்டியம் என்று நாங்கள் போகும் பேரூராட்சிகளில் எல்லாம் "நம்ம ஊருக்கும் அந்தக் குழாய் வருமா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. மழைக்காலம் வந்தால் செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது. வழிவது தெருச் சாக்கடைக்கும், அங்கிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கண்மாய்க்கும் போய்ச் சேர்கிறது.

எனவே பாதாளச் சாக்கடை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் நாங்களும் சொல்வோம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. மலத்தை அப்புறப்படுத்தும் ஏற்பாடு நம் நாட்டில் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது முன்னேற்றம் என்றே அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் குழியின் வடிவம் மாறியது. குழிக்குள் இறங்கும் மனிதரின் சாதி மாறவில்லை. அடுத்த மாற்றம் நம் ஊர் வாசலுக்கு வரும் முன் இந்த வரலாற்றைப் படித்துவிடுவது நல்லது.

வாளியில் தொடங்கியது

மதராஸ் மாகாணத்தில் 1865-ல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. 1871, 1884, 1920 ஆகிய ஆண்டுகளில் நகராட்சிச் சட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. தெருவைத் துப்புரவாக வைத்திருப்பது நகராட்சியின் கடமை என்றானது. அந்தக் கடமையைச் செய்யும் ஆட்களை நகராட்சிகள் சாதி பார்த்தே எடுத்தன. தமிழகத்தில் அருந்ததியர்களும் மற்ற தலித் சாதியினரும் இந்த வேலைக்குள் தள்ளப்பட்டார்கள். எடுப்புக் கக்கூஸ் உள்ள வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து இருக்கும். மலம் அள்ளுபவர் வீட்டு வாசலை மிதிக்காமல் வந்து போவதற்கான வழி அது. ஊரின் வரைபடத்திலேயே தீண்டாமை கட்டப்பட்டிருந்தது.

சாதியப் பழக்கமாக இருந்ததைக் காலனிய அரசு சம்பளப் பட்டியலில் ஏற்றியது. விடுதலைக்குப் பிறகு வந்த நகராட்சிகளும் அதே பட்டியலைத் தொடர்ந்தன. மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டு என்று புகழ்ந்து பேசியவர்களை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக விமர்சித்தது இதனால்தான். அந்தப் புகழ்ச்சி வேலையை ஒழிக்கவில்லை. அந்த வேலையிலேயே இருக்கச் சொல்லித் தட்டிக்கொடுத்தது.

செப்டிக் டேங்க் வந்த கதை

செப்டிக் டேங்க் ஐரோப்பாவில் பிறந்தது. பிரான்சில் ழான் லூயி மூரா என்பவர் 1860-களில் இப்படியொரு தொட்டியைக் கட்டினார். 1881-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரூன் என்ற பொறியாளர் 1895 வாக்கில் அதை மேம்படுத்தி, இன்று நாம் சொல்லும் பெயரை வைத்தார்.

அதன் வேலை எளிது. கனமான கழிவு அடியில் படிகிறது, கொழுப்பு மேலே மிதக்கிறது, நடுவில் உள்ள நீர் வெளியேறுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அடிக்கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெளியேறும் நீர் சுத்தமான நீர் அல்ல. நோய்க்கிருமிகளும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் அப்படியே இருக்கும். அதை உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் விட்டு வடிகட்ட வேண்டும். அடுத்து, அடிக்கசடு முழுவதும் கரைந்துவிடாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்தாக வேண்டும்.

நம் ஊர்களில் கட்டியவை பெரும்பாலும் இந்த இரண்டையும் மறந்து கட்டியவை. பல வீடுகளில் இருப்பது அடித்தளம் பூசாத ஒற்றைக் குழி, அல்லது சிமெண்ட் உறைகளை இறக்கிய குழி. அதன் நீர் பக்கத்துக் கிணற்றை நோக்கி ஊறுகிறது. சில வீடுகளில் ஒழுங்கான தொட்டி இருந்தாலும் உறிஞ்சுகுழி இருக்காது. குழாய் நேராகத் தெருச் சாக்கடையில் நிற்கும். இடம் இல்லாத இரண்டு சென்ட் வீட்டில் உறிஞ்சுகுழி எங்கே தோண்டுவது? காலனி வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். தொட்டி பழுதாவது தனிப்பட்ட வீட்டுக்காரரின் சோம்பேறித்தனம் என்று பேசுகிறார்கள். யாருக்கு எவ்வளவு நிலம் கிடைத்தது என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

கண்மாய்க்கு வருவோம். தென்மாவட்டங்களில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய் நிறையும். மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் வேலை பல ஊர்களில், தீண்டப்படாதவர்களாக ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பங்களிடமே இருந்தது. தண்ணீரைக் காத்தவர்களுக்கே பொதுக்கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தில் மாட்டுச் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். மனிதர் தொட்டதற்குத் தீட்டுக் கழித்த சமூகம், ஊர்க் கழிவு முழுவதும் கண்மாயில் கலக்கும்போது அமைதியாக இருக்கிறது. தூய்மை என்று அவர்கள் சொன்னது எப்போதும் தண்ணீரைப் பற்றியதாக இருக்கவில்லை.

சட்டமும் மரணமும்

எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் 1993-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்கான மாற்றாகச் செப்டிக் டேங்க் பரவியது. முன்பு தினமும் வாளியோடு வந்தவர், இப்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டிக்குள் இறங்கினார். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்குகின்றன, பிராணவாயு குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடு ஓரளவுக்கு மேல் போனால் முகரும் உணர்வே மரத்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாகும் செய்திகளுக்குக் காரணம் இதுதான்.

2013-ல் புதிய சட்டம் வந்தது. அண்ணலின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கும் வந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவது அதன் 7-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கையால் மலம் அள்ள வைப்பதையே வன்கொடுமை என்கிறது.

சட்டம் இவ்வளவு இருந்தும், 1993-க்குப் பிறகான சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்களில் நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பது சமூகநீதி பேசும் நம் தமிழ்நாடு. நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கிலேயே 200-க்கும் மேற்பட்டோர். பல வழக்குகள் 'அலட்சியத்தால் மரணம்' என்ற பிரிவோடு முடிந்துவிடுகின்றன. 2021-ல் ஒன்றிய அரசு, கையால் மலம் அள்ளியதால் எவரும் இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. தொட்டிக்குள் இறந்தவர்கள் 'அபாயகரமான துப்புரவு' என்ற வேறு பட்டியலில் இருக்கிறார்களாம். பெயரை மாற்றிவிட்டால் பிணத்தின் கணக்கும் மாறிவிடும் போலிருக்கிறது. 'நமஸ்தே' திட்டத்துக்காகப் பதிவு செய்த சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024-ல் வெளியான அரசுத் தரவு சொல்கிறது. இது தொழில் விபத்து மட்டுமல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

குழாய் போட்டால் தீர்ந்துவிடுமா?

லண்டன் ஒரு பாடம். அங்கே வீடுகளின் கீழே மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. அவற்றை ஒழித்துச் சாக்கடையில் இணைக்க 1840-களின் இறுதியில் தீவிரம் காட்டினார்கள். ஆனால் அந்தச் சாக்கடைகள் தேம்ஸ் ஆற்றில்தான் கலந்தன. அதே ஆற்று நீரைத்தான் நகரம் குடித்தது. 1848-49 காலராவில் லண்டனில் சுமார் 14,000 பேர் இறந்தார்கள். 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகே, ஜோசப் பசால்ஜெட்டின் பெரிய சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் வந்தது. குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது என்று கேட்காமல் குழாய் போட்டால், நோய் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும்.

சென்னையின் சாக்கடை 1910-ல் வடிவமைக்கப்பட்டது. 1961-ல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961-ல் அங்கே இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். திணறிய குழாய்களில் அடைப்பு எடுக்க யாரை இறக்கினார்கள் என்பது நமக்குத் தெரியும். பெருநகரங்களில் ஆள் இறங்குவதை நிறுத்தச் சொல்லி 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் சென்னையும் உண்டு.

ஏரிக்கரை ஊருக்கு ஊட்டியைப் பாருங்கள். 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்டது ஊட்டி ஏரி. நகரில் பாதாளச் சாக்கடை இருந்தும், கோடப்பமந்து கால்வாய் வழியாகக் கழிவுநீர் ஏரிக்கு வருவது நிற்கவில்லை. இணைப்பு எடுக்காத கட்டடங்கள், அடைத்து வழியும் ஆள்நுழைவுக் குழிகள் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. சுத்திகரிப்பு நிலையம் இருப்பதோ உழைக்கும் மக்கள் வாழும் காந்தலில். ஏரியில் படகு ஓட்ட வருகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

அப்படியானால் எங்குமே நடக்காதா? நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரி சாக்கடை நீரின் பாஸ்பரஸால் பாசி படர்ந்து கிடந்தது. 1958-ல் மக்கள் வாக்களித்துப் பல ஊர்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். 1963 முதல் 1968 வரை ஏரிக்கு வந்த கழிவுநீரை முழுவதும் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஏரி தெளிந்தது. காரணம் எளிது: ஒரு பகுதியைச் செய்துவிட்டு நிறுத்தவில்லை, கரையிலுள்ள எல்லா ஊர்களையும் சேர்த்தார்கள்.

சிறிய ஊருக்கு வேறு வழியும் உண்டு. மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. லாரி உறிஞ்சி வரும் கசடை ஓடையில் கொட்டாமல் அங்கே கொண்டுபோகலாம். வ. புதுப்பட்டி அளவுள்ள ஊர்கள் சில சேர்ந்து இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, பழுதான தொட்டிகளைச் சரிசெய்து, நெருக்கமான தெருக்களுக்கு மட்டும் சிறிய குழாய்ச் சாக்கடை போடுவது நடக்கக்கூடிய காரியம்.

நாம் கேட்க வேண்டியவை

திட்டம் வருகிறது என்றால், அதன் விரிவான திட்ட அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள், தோழர்களே. வரைபடத்தில் காலனித் தெரு இருக்கிறதா, அல்லது 'இரண்டாம் கட்டம்' என்று தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுத்திகரிப்பு நிலையம் யாருடைய குடியிருப்புக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். ஏழை வீட்டின் இணைப்புக் கட்டணத்தை யார் தருவது என்று கேளுங்கள். அடைப்பு எடுக்கும் இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, அது நுழைய முடியாத சந்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். இயந்திரத்தை இயக்கும் நிரந்தர வேலை, இத்தனை காலம் இறங்கியவர்களுக்கே பயிற்சியோடும் முழுச் சம்பளத்தோடும் தரப்படுமா, அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக என்ன மறுவாழ்வு என்று கேளுங்கள். 2013 சட்டத்தின் பெயரிலேயே மறுவாழ்வு இருக்கிறது.

அதுவரை உங்கள் தெருவில் தொட்டி நிரம்பினால் 14420 என்ற எண்ணை அழையுங்கள். யாராவது ஒருவரை உள்ளே இறக்கப் பார்த்தால், அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்துங்கள். குழாய் வர ஐந்து ஆண்டுகள் ஆகலாம். ஒரு மனிதரை இறங்கவிடாமல் தடுப்பதற்கு எந்தத் திட்ட ஒப்புதலும் வேண்டாம்.

ஜெய் பீம்.