வானலைப் பூட்டும் ஈரெழுத்துக் குறியும்

பகாவ் பட்டணத்திலோ அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலோ ஒருவர் தம் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவாராயின், வைஃபை அட்டையை ஆளும் இயக்கி நிரல் அறிய வேண்டுவது கடவுச்சொல் மட்டுமன்று. தான் எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் அது அறிய வேண்டும். மலேசியாவுக்கு 'எம்.ஒய்.' என்பது குறி. எந்த அலைத்தடத்தில் பேசலாம், எத்துணை ஆற்றலுடன் பேசலாம் என்பன இக்குறியைக் கொண்டே முடிவாகின்றன. கேட்கவும் பேசவும் ஆகும் கருவிக்கு அரசு எல்லை வகுக்கும் வழக்கம் கணினிக்கு நெடுங்காலம் முற்பட்டது. அதன் கொடிய அதிகாரம் ஒன்று இம்மண்ணிலேயே எழுதப்பட்டது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கை வீழ்ந்தபின், ஜப்பானிய ஆட்சி வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்யுமாறு பணித்தது. சிற்றலை வாங்கும் உறுப்புகளை நீக்கச் செய்தது. பெட்டி இருக்கும், விளக்கு எரியும், ஆயினும் ஆட்சியாளர் விரும்பிய மத்திய அலை நிலையமன்றி வேறொன்றும் பேசாது. பகாவை அடுத்து, சிங்கையிலிருந்து கத்தோலிக்கச் சீனரையும் யுரேசியரையும் கொணர்ந்து 'பூஜி கிராமம்' அமைத்ததும் (1943 இறுதி) அக்காலத்தில்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். போனவர் உளரோ இலரோ என்று லயங்களில் ஏங்கியிருந்தோர்க்கு வெளியுலகின் குரல் எட்டாதவாறு அப்பூட்டு தடுத்தது. மறைவாகக் கேட்பதும் உயிருக்கு இறுதியாகலாம். 1943 அக்டோபர் 10-இல் சாங்கிச் சிறையில் தொடங்கிய சோதனையில், சிறைப்பட்டோர் வானொலி வழியே பகைவர்க்குத் துப்புக் கொடுத்தனர் என்ற ஐயத்தின்பேரில் 57 பேர் வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர்.

அப்பூட்டு கம்பியாலும் சுருளாலும் ஆனது. கைவன்மை உடையோன் அறுத்த சுருளை மீண்டும் பற்றவைத்துவிடலாம். வைஃபைப் பூட்டோ எழுத்தால் ஆனது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் நேர்மையன்று. பின்னது செய்தியை மறைக்க எழுந்ததன்று, ஒருவர் அலை மற்றவர் அலையைக் கெடுக்காதிருக்க எழுந்தது. எனினும் கருவியை வாங்கியவன் அதன் உள்ளமைப்பைக் காணலாமா என்ற வினா இரண்டிலும் உண்டு.

1985-இல் அமெரிக்க அலைவரிசை ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில பகுதிகளை உரிமச்சீட்டின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. 1997-இல் 802.11 என்னும் தரநியமம் பிறந்தது. 2412 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏறி, 2472-இல் பதின்மூன்றாம் தடம் முடியும். பதினான்காவது தடம் (2484) ஜப்பானுக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவில் பொதுவழக்கு பதினொன்று, மலேசியாவில் பதின்மூன்று. ஆகவே அமெரிக்க விதிப்படி அமைந்த அட்டையுடன் பகாவுக்கு வருவோர், பதின்மூன்றாம் தடத்தில் பேசும் ரவுட்டரைக் காணமாட்டார். அட்டையில் பழுதில்லை, நாட்டுக்குறியில்தான் பிழை. பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பல ஆண்டெனாக்களால் ஒரே அலைவரிசையில் பல தாரைகளைச் செலுத்தும் முறைக்கு வித்திட்டவர். 2009-இல் அம்முறை 802.11என் நியமத்தில் இடம்பெற்றபின், இயக்கி நிரலுக்கு வேலை இன்னும் மிகுந்தது.

பூசல் மூண்டது நிரலை யார் படிக்கலாம் என்பதில்தான். ஏதெராஸ் நிறுவனத்தின் அட்டைகளுக்கு லினக்ஸில் வழங்கிய 'மேட்வைஃபை' இயக்கி, வன்பொருளைத் தொடும் பகுதியை மட்டும் படிக்கவியலா இருமக் கோப்பாக வைத்திருந்தது. அலையாற்றலைப் பயனர் மாற்றிவிடுவர், அது சட்டமீறலாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 'ஓபன்பிஎஸ்டி' குழுவைச் சேர்ந்த ரெய்க் ஃபிளோட்டர் அக்கோப்பின் இயக்கத்தை ஆராய்ந்து தாமே ஒரு மாற்றை எழுதினார். அம்மாற்றை மூலமாகக் கொண்டதே 2007-இல் உருப்பெற்ற 'ஏத்5கே' இயக்கி. மறு ஆண்டே அந்நிறுவனம் தன் புதிய அட்டைகளுக்கான 'ஏத்9கே' இயக்கியைத் திறந்த நிரலாகவே வெளியிட்டது. பழைய இருமக் கோப்பின் மூலமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஒளித்து வைத்தாலன்றிச் சட்டம் நிலைக்காது என்ற கூற்று அத்துடன் வலுவிழந்தது எனலாம்.

ஒளிப்புக்கு மாற்றாக வந்த ஏற்பாடு நுட்பமானது. 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28 முதல், நாட்டு விதிகள் ஒவ்வோர் இயக்கியிலும் சிதறிக் கிடவாமல் ஒரே அட்டவணையில் தொகுக்கப்பட்டன. நாடு தெரியாதபோது 'உலகப் பொதுவிதி' ஆளும். அப்போது 12, 13 ஆகிய தடங்களில் அட்டை காது கொடுக்கும், வாய் திறவாது; அங்கே ரவுட்டர் ஒன்று முன்னரே பேசுவது செவிப்பட்டால்தான் தானும் பேசும். ரவுட்டர்களும் தம் நாட்டுக்குறியைச் சேர்த்து ஒலிபரப்ப, 2001-இல் வந்த 802.11டி நியமம் இடம் தந்தது. அட்டையில் பொறித்த குறியும் பயனர் இட்ட குறியும் முரணினால், பல இயக்கிகளில் இரண்டுக்கும் பொதுவானதே செல்லும்: பயனர் எல்லையைச் சுருக்கலாம், விரிக்க இயலாது.

மலேசியாவில் அலைவரிசைகளுக்கு விதி வகுப்பது 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம். அவ்விதிகளின் சுருக்கம் லினக்ஸ் அட்டவணையில் சில வரிகளாக நிற்கிறது. எளிய உரையாதலால் பகாவிலுள்ள பள்ளி மாணவனும் படித்துப் பார்க்கலாம். ஆனால் 2018 சனவரியில் வெளிவந்த 4.15 பதிப்பு முதல், அவ்வுரையிலிருந்து ஆக்கப்படும் கோப்புக்குரிய மின்முத்திரையை உட்கருவே சரிபார்க்கிறது. எழுத்தை மாற்றி, முத்திரையைப் புதுக்காமல் இட்டால், உட்கரு அதனை ஏற்பதில்லை. முத்திரையை மாற்ற விரும்புவோர் உட்கருவையே தம் கையால் கட்ட வேண்டும். அதற்கான நிரலும் திறந்தே கிடக்கிறது.